தோட்டத்துக்கு போட்ட காசு ரெண்டு மடங்கா திரும்ப வருமா?

மேல ஒருத்தர், தோட்டத்துக்கு எவ்வளவு போட்டாலும் வீட்ட விக்கும்போது ரெண்டு மடங்கா வந்துடும்னு எழுதியிருக்காங்க, நிறைய பேர் அத ஷேர் பண்றதால சொல்றேன், அப்படி ஒரு கணக்கு இல்லீங்க. வீட்டுக்கு மதிப்பு போடுறவங்க நம்ம செலவு பில்ல வச்சு போட மாட்டாங்க, இடம், நிலத்தோட அளவு, கட்டடத்தோட வயசு, பக்கத்துல அதே மாதிரி வீடுங்க என்ன விலைக்கு போச்சு, இதத்தான் முக்கியமா பாப்பாங்க. தோட்டம் நல்லா இருந்தா வாசல்லயே மனசுக்கு பிடிச்சுடும், அது உண்மை, விலையும் கொஞ்சம் கூடலாம். ஆனா குளம், நீரூற்று, பெரிய புல்தரைன்னு போட்டா வாங்க வர்ற சிலருக்கு அது பராமரிப்பு செலவாத்தான் தெரியும்.

நீங்களே பாக்கலாம். மதிப்பு போடுறவங்க எழுதித் தர்ற ஒரு வீட்டு மதிப்பீட்டு ரிப்போர்ட்ட எடுத்து அதுல தோட்டத்துக்குன்னு எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பாருங்க. இல்லன்னா ஒரே ஏரியால, ஒரே அளவுல, கிட்டத்தட்ட ஒரே வயசுல ரெண்டு வீடு, ஒண்ணுல தோட்டம் இருக்கு ஒண்ணுல இல்ல, அத ஒப்பிடுங்க, விளம்பரத்துல கேக்குற விலைய வச்சு இல்ல, நிஜமா வித்த விலைய வச்சு. கடன் வாங்கி தோட்டம் போடலாமான்னு கீழ கேட்டவங்க தயவுசெஞ்சு இத பாத்துட்டு முடிவு பண்ணுங்க.