வீடு திரும்பிய மகன்

பாப் கிளார்க்கின் ‘டெத்ட்ரீம்’ (1974) படத்தைப் பழைய பேய்ப்படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்கப் பையன்களைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசிய படங்கள் ரொம்பக் குறைவு.

ஆண்டி வியட்நாமில் சுடப்பட்டுச் சாகிறான். வீட்டுக்குத் தகவலும் வந்துவிடுகிறது. அம்மா மட்டும் நம்ப மறுத்து, பிள்ளை வந்தே தீருவான் என்று வேண்டிக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் நடுராத்திரி வந்து நிற்கிறான். வழியில் அவனை ஏற்றிக்கொண்ட லாரி டிரைவர் கொல்லப்பட்ட செய்தி மறுநாள் ஊருக்குள் வருகிறது.

வந்த அன்றே ஒரு காட்சி. நீ செத்துப்போனதாகச் சொன்னார்களே என்கிறார்கள். ‘ஆமாம், செத்துத்தான் போனேன்’ என்கிறான். எல்லோரும் திகைத்துப் போகிறார்கள். அவன் லேசாகச் சிரித்ததும் நிம்மதியாகச் சேர்ந்து சிரிக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை படமே இதுதான். வந்ததும் வராததுமாக அவன் உண்மையைச் சொல்லிவிட்டான், வீட்டில் யாருக்கும் அது காதில் ஏறவில்லை. பழைய ஆண்டிதான் வேண்டும் அவர்களுக்கு.

அப்புறம் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. மாடி அறையில் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருக்கிறான். ஆசையாகப் பார்க்க வந்த சின்னப் பிள்ளைகளின் கண்ணெதிரே, வளர்த்த நாயை ஒற்றைக் கையால் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். உடம்பு அழுகாமல் இருக்க அடுத்தவர் ரத்தத்தை ஊசியில் எடுத்துத் தன் கையில் ஏற்றிக்கொள்கிறான். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான வீரர்களைப் பற்றி 1971-லேயே அமெரிக்கா பதறிக்கொண்டிருந்தது. அன்றைய பார்வையாளர்களுக்கு அந்த ஊசி எதைச் சொல்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. போர் மனதில் விட்டுப்போகும் காயத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்ததோ 1980-ல்தான்.

அழுகும் முகத்துக்கான ஒப்பனையில் டாம் சாவினியும் வேலை செய்தார். அவருக்கு இது முதல் படம். அதற்கு முன் வியட்நாமில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர். அந்த முகம் இன்றைக்கும் வயிற்றைப் பிசைவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அம்மாதான் வில்லி, அவளுடைய பாசம்தான் பேயைக் கூப்பிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அம்மாவாக வரும் லின் கார்லினின் நடிப்பைக் கவனித்துப் பாருங்கள். கணவன் தன்னைத்தானே சுட்டுக்கொண்ட பிறகும், போலீஸ் துரத்தும்போதும், மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு அவன் காட்டும் வழியில் ஓட்டுகிறாள். போய்ச் சேரும் இடம் கல்லறைத் தோட்டம். அவன் தானே தோண்டி, தன் பெயரைக் கீறி வைத்திருந்த குழி. அவன் உள்ளே இறங்கி மண்ணை இழுத்துப் போட்டுக்கொள்ள, அவளும் மண்ணை அள்ளிப் போடுகிறாள். பிள்ளை எதைக் கேட்கிறான் என்பது அந்த வீட்டில் கடைசியில் அவள் ஒருத்திக்குத்தான் புரிகிறது. அவளைப் போய் வில்லி என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?