நோட்டீஸை அச்சடிக்கும் முன் திண்ணையில் வாசித்துக் காட்டுங்கள்

பெண்கள் உடல்நலம் பற்றிய நோட்டீஸ் ஒன்று, தமிழ் சரியா என்று பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. வீட்டில் உட்கார்ந்து படித்தபோது நல்ல நோட்டீஸ் என்றே நினைத்தேன். போன மாதம் பள்ளத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மகளிர் குழுக் கூட்டம் முடிந்த பிறகு, திண்ணையில் பதினோரு பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

தலைப்பு 'இனப்பெருக்க ஆரோக்கியம்'. ஓர் அக்கா உடனே கேட்டார்: "இது மாட்டாஸ்பத்திரி நோட்டீஸா டீச்சர்?" யாரும் சிரிக்கவில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடும் இடத்தைத் தவிர அவர் அந்தச் சொல்லை எங்கேயும் கேட்டதில்லை.

அடுத்தது 'தற்காலிகக் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள்'. நம் பக்கம் "குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா" என்றால் ஆபரேஷன் ஆச்சா என்றுதான் பொருள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். சொல்லும் அதோடு ஒட்டிப்போய்விட்டது. தலைக்குழந்தை பிறந்து ஆறு மாதமான ஒரு பெண், "தற்காலிகம்னா, பண்ணுன ஆபரேஷனைத் திரும்பப் பிரிச்சு விடுவாங்களாக்கா?" என்று கேட்டார். கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி பற்றியும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி பற்றியும் தெரியவேண்டியது அவருக்குத்தான். இரண்டும் உள்ளே இருக்கின்றன. ஆனால் தலைப்பைக் கேட்டதுமே அது தனக்கில்லை என்று முடிவு செய்துவிட்டார். 'அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட' என்று எழுதியிருந்தால் காது கொடுத்திருப்பார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதற்கப்புறம்தான். 'கடைசி மாதவிடாய்த் தேதியைக் குறித்து வையுங்கள்' என்றொரு வரி. எல்லோரும் தலையாட்டினார்கள். சரி, எந்தத் தேதியைக் குறிப்பீர்கள் என்று கேட்டேன். ஏழு பேர் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கு ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து 280 நாள் எண்ணித்தான் பிரசவத் தேதி சொல்கிறார்கள். இவர்கள் நினைவில் நிற்பதோ மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குளித்த குளியல். கர்ப்பமாக இருப்பவளையே 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சொல்கிறவர்கள் நாம். மாதக் கணக்கு குளியலில்தான் இருக்கிறது. புரியாத வரியாக இருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். இதைக் கேட்கவே தோன்றாது, நாலு நாள் தள்ளித் தேதி சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்.

எழுத்தின் எளிமையை அளக்க ஆங்கிலத்தில் 1948-இலேயே ருடால்ஃப் ஃப்ளெஷ் என்ற ஆய்வாளர் ஒரு சூத்திரம் கொடுத்தார். அசைகளையும் வாக்கிய நீளத்தையும் எண்ணும் கணக்கு அது. தமிழுக்கு அப்படியே ஒத்துவராது. கருமுட்டை உண்டாகும் உறுப்புக்குப் பெயரான 'சூலகம்' நான்கே எழுத்து, அந்தத் திண்ணையில் ஒருவருக்கும் தெரியவில்லை. 'தலைக்கு ஊத்திக்கிட்டதிலிருந்து' எவ்வளவு நீளம், அது எல்லோருக்கும் தெரியும். 1953-இல் வில்சன் டெய்லர் என்ற இன்னோர் ஆய்வாளர் சொன்ன வழி எந்த மொழிக்கும் பொருந்தும்: ஐந்தாவது சொல் ஒவ்வொன்றையும் மறைத்துவிட்டு, விட்ட இடத்தைப் படிப்பவர் நிரப்புகிறாரா என்று பார்ப்பது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் இருந்ததால் நான் வாயால் வாசித்து, நடுவில் நிறுத்தி, அடுத்த சொல் என்ன என்று கேட்டேன். சில பத்திகளில் ஒரு சொல்கூட வரவில்லை.

படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். உடலுறுப்பின் படம் வரவேண்டிய இடத்தில் 'பண்பாட்டுக்கு ஏற்றபடி' என்று ஒரு தாமரை மொட்டைப் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒளிவுமறைவில்லாமல்தான் பேசினார்கள். வெளியே ஓர் ஆண்குரல் கேட்டபோதுதான் பேச்சு நின்றது. யார் கூட இருக்கும்போது, எந்த இடத்தில் வாசிக்கிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்கவேண்டும். சொல்லை மூடி வைத்து யாருக்கு என்ன பயன்?

'கணவரோடு கலந்து பேசி முடிவெடுங்கள்' என்றும் இருந்தது. நான்கு பேரின் வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். பர்மா, மலாயா காலத்திலிருந்தே கடல் தாண்டிப் போய்ப் பிழைக்கிற சீமை இது. "லீவுல ஒரு மாசம் வருவாக. அந்த ஒரு மாசத்துக்கு நான் என்ன செய்யணும்?" என்றார் ஒருவர். நோட்டீஸில் அதற்கு ஒரு வரி இல்லை. ஆணுறை கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, 1990களின் தொடக்கத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அன்று முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய மாமியார்கள், அப்பத்தாக்கள். 'மகப்பேற்றுக்குப் பிற்பட்ட' என்று அச்சடித்தால் அவர்கள் அந்த இடத்திலேயே கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். மருமகளின் காப்பர் டி பற்றிப் பல வீடுகளில் கடைசி வார்த்தை சொல்வதும் அவர்கள்தான்.

நாங்கள் சேர்ந்து திருத்தியதை அனுப்பினேன். 'கொச்சையாக இருக்கிறது' என்று பதில் வந்தது. 'ரத்தம் பட்ட முதல் நாளை எழுதுங்க. குளிச்ச நாளை இல்லை' என்ற வரியைத்தான் சுட்டியிருந்தார்கள். அதில் இரண்டாவது வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னது கூட்டத்திலேயே மூத்த அப்பத்தா. "அதைப் போடலைன்னா நாங்க மாத்தித்தான் சொல்லுவோம்" என்றார். அந்த வரியை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை அதே திண்ணையில் மறுபடி வாசிக்கிறோம், அச்சடிப்பவர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன்.