கல்லூரிக் கால்பந்துக்கு ஆள் தரும் ஊர்களும் அவற்றுக்குச் சேர வேண்டிய பங்கும்

ஒவ்வொரு டிசம்பரிலும், அமெரிக்கக் கல்லூரிகள் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து வீரர்களிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் வாரம் முடிந்ததும், எந்த மாநிலத்திலிருந்து எத்தனை பேர் தேர்வானார்கள் என்ற பட்டியல் வெளியாகிவிடும். கால்பந்து என்று இங்கே நான் குறிப்பிடுவது ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்க ஆட்டத்தை. அந்தப் பட்டியலின் தலைப்பகுதி ஆண்டுதோறும் பெரிதாக மாறுவதில்லை: டெக்சஸ், புளோரிடா, இவற்றுக்கு அடுத்து ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் கலிபோர்னியாவும் ஜார்ஜியாவும். டெக்சஸில் குடியேறிய நம்மவர்கள் பலர் தங்கள் மாநிலம் முதலிடம் என்று அதைப் பெருமையுடன் பகிர்கிறார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் இந்த ஆட்டத்தை நெடுங்காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், அந்தப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை; வீரர்களை வளர்த்து அனுப்புகிற ஊர்களை அது மறைத்துவிடுகிறது என்பதும், அந்த ஊர்களுக்குக் கல்லூரிகள் கடன்பட்டிருக்கின்றன என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.95 கோடி, டெக்சஸ் 2.91 கோடி, புளோரிடா 2.15 கோடி, ஜார்ஜியா வெறும் 1.07 கோடி. தன்னைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு மக்களைக் கொண்ட கலிபோர்னியாவோடு ஜார்ஜியா மூன்றாம் இடத்துக்குப் போட்டியிடுகிறது என்றால், உண்மையில் வியக்க வேண்டியது ஜார்ஜியாவைத்தான். தலைக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் படமே மாறிவிடும். 46 லட்சம் பேர் வாழும் லூசியானா, 50 லட்சம் பேர் வாழும் அலபாமா, 30 லட்சத்தைக்கூட எட்டாத மிசிசிப்பி ஆகிய மூன்றும் ஜார்ஜியாவோடும் புளோரிடாவோடும் சேர்ந்து முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. கலிபோர்னியா பின்னால் போய்விடுகிறது. மறுபுறம் 2.02 கோடி மக்களுடன் புளோரிடாவுக்கு ஏறத்தாழ இணையாக நிற்கும் நியூயார்க், வீரர் எண்ணிக்கையில் அதன் அருகில்கூட வருவதில்லை.

நியூயார்க்கின் நிலைக்குப் பனியைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. தெற்கு மாநிலங்களில் ஆண்டு முழுவதும் திறந்தவெளியில் பயிற்சி செய்ய முடிகிறது, வசந்த காலப் பயிற்சிக்குப் பள்ளிகள் அனுமதி பெற்றிருக்கின்றன என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வாதத்துக்கு மேற்குப் பென்சில்வேனியா இடம் கொடுப்பதில்லை. பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே, எஃகு ஆலையை நம்பி வளர்ந்து, அந்த ஆலை நொடித்த பிறகு பத்தாயிரம் பேருக்கும் குறைவாகச் சுருங்கிப்போன அலிக்விப்பா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஒரே உயர்நிலைப் பள்ளியிலிருந்து மைக் டிட்கா, டை லா, டாரெல் ரெவிஸ் என மூன்று பேர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்திருக்கிறார்கள். ஜோ நேமத், டான் மரினோ, ஜோ மொன்டானா ஆகிய குவார்ட்டர்பேக்குகளும் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை வழிநடத்துபவர்கள்) அதே வட்டாரத்தின் பிள்ளைகள்தாம். பனி அவர்களைத் தடுக்கவில்லை. பள்ளி அணி ஊரின் முகமாக விளங்கியதும், ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் எட்டாக்கனியாக இருந்ததும், அதை எட்டிப் பிடிக்க இந்த ஆட்டம் ஒரு வழியானதும்தான் அவர்களை உருவாக்கின.

டெக்சஸின் பலம் வேறு வகையானது. இங்கே பள்ளிக் கால்பந்து பொதுப்பணத்தால் கட்டி எழுப்பப்பட்ட ஓர் அமைப்பு. தலைமைப் பயிற்சியாளர் பள்ளி மாவட்டத்தின், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகத்தின், முழுநேர ஊழியராக இருக்க வேண்டும் என்பது மாநிலப் போட்டி அமைப்பின் விதி. ஆகவே பயிற்சி என்பது மாலை நேர உபதொழிலாகச் சீரழியாமல் முழுநேர வாழ்க்கைப்பணியாகவே நிலைத்திருக்கிறது. டாலஸுக்கு வடக்கே, தமிழ்க் குடும்பங்கள் பலவும் வீடு வாங்கியிருக்கும் ஆலன் நகரில், ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் அமரக்கூடிய பள்ளி ஸ்டேடியம் 2012இல் திறக்கப்பட்டது. வாக்காளர்கள் ஒப்புதல் தந்த கடன்பத்திரங்களிலிருந்து, அதாவது நாம் கட்டும் சொத்துவரியிலிருந்து வந்த பணம் அது. கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014இல் மூடப்பட்டு, சரிசெய்யப்பட்டு, 2015இல் மறுபடி திறந்தார்கள். அந்தப் பள்ளிக்காகத் தொடக்க வீரராக ஆடிய 42 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காத கைலர் மர்ரி, 2018இல் ஆண்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு வென்று தந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அதே பல்கலைக்கழகத்துக்கு அதே கோப்பையை வென்ற பேக்கர் மேஃபீல்டும் ஆஸ்டின் பகுதியில் வளர்ந்தவர். டெக்சஸ் வரிப்பணம் ஒக்லஹோமாவுக்கு இரண்டு கோப்பைகளாகப் போய்ச் சேர்ந்தது.

அலபாமா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஜேலன் ஹர்ட்ஸ், டுவா டகோவைலோவா, மேக் ஜோன்ஸ், பிரைஸ் யங் என்று அடுத்தடுத்து அங்கே தலைமையேற்ற நான்கு குவார்ட்டர்பேக்குகளில் முதலாமவர் டெக்சஸ், இரண்டாமவர் ஹவாய், மூன்றாமவர் புளோரிடா, நான்காமவர் கலிபோர்னியா. அலபாமாக்காரர் ஒருவர்கூட இல்லை. விளைவிக்கும் மாநிலம் ஒன்று, அறுவடை செய்யும் கல்லூரி வேறொன்று என்பது இந்த ஆட்டத்தின் அன்றாட நடைமுறை.

மாநிலக் கணக்கே சில இடங்களில் தவறாகப் பதிவாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு வீரர் கடைசியாகப் படித்த பள்ளியை வைத்தே பெரும்பாலான பட்டியல்கள் அவரை வகைப்படுத்துகின்றன. புளோரிடாவின் பிராடென்டன் நகரிலுள்ள ஐஎம்ஜி அகாடமி என்ற உறைவிடப் பள்ளி நாடெங்கிலுமிருந்து திறமையாளர்களை ஈர்க்கிறது. அவர்கள் எல்லோரும் புளோரிடா கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். 2023 பருவத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைத் தேசியச் சாம்பியனாக்கிய ஜே. ஜே. மெக்கார்த்தி சிகாகோ புறநகரில் பிறந்து, வளர்ந்து, பள்ளிப் பருவத்தின் கடைசி ஆண்டை மட்டும் அங்கே கழித்தவர். பதின்மூன்று பதினான்கு வயதில் அவரை நம்பிக் களமிறக்கிய இல்லினாய் பயிற்சியாளர்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை. மாநிலம் என்ற அலகே மிகப் பெரிது என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. பட்டியலில் எப்போதும் மேலே நிற்கும் கலிபோர்னியாவில்தான், ஃபயர்பா என்ற வேளாண் சிற்றூரைச் சேர்ந்த, பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் முன்னணி குவார்ட்டர்பேக்கான ஜோஷ் ஆலனுக்குப் பள்ளி முடிக்கும்போது ஒரு பெரிய கல்லூரிகூட உதவித்தொகை தர முன்வரவில்லை. உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் ஆடி, பிறகு வயோமிங் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்துதான் அவர் மேலே வந்தார். தேர்வாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் பெரிய தனியார் பள்ளிகளை விட்டு விலகிப் பார்ப்பது அரிது. ஏற்கெனவே போன இடத்துக்கே மறுபடியும் போகிறார்கள், போகிற இடத்தில் வீரர்களுக்குத் தர மதிப்பீடாக நட்சத்திரங்களைக் கொடுக்கிறார்கள், அந்த நட்சத்திரங்களையே நாம் எண்ணிப் பட்டியல் போடுகிறோம்.

தெற்கு மாநிலங்கள் ஏன் இத்தனை பேரைத் தருகின்றன என்ற கேள்விக்கு நிறவெறியின் வரலாற்றைத் தொடாமல் பதில் சொல்வது நேர்மையாகாது. தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின இளைஞர்களுக்குத் தங்கள் அணிகளில் நெடுங்காலம் இடம் தரவில்லை. டெக்சஸின் போமான்ட் நகரில் வளர்ந்த பப்பா ஸ்மித், சொந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் ஆட வழியின்றி வடக்கே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்றாக அது திகழ்ந்ததற்கு அவரும் ஒரு காரணம். 1969இல் தேசியச் சாம்பியனான டெக்சஸ் பல்கலைக்கழக அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. 1970 செப்டம்பரில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அலபாமாவின் பர்மிங்ஹாமுக்கே வந்து, சாம் கன்னிங்ஹாம் உள்ளிட்ட கறுப்பின வீரர்களைக் கொண்டு அலபாமாவை 42–21 என்று தோற்கடித்ததை ஒரு திருப்புமுனையாகப் பலர் சொல்வார்கள். வில்பர் ஜாக்சன் அதற்கு முன்பே அலபாமாவில் கையெழுத்திட்டிருந்தார் என்பதையும், 1971இல் ஜான் மிட்செல் அந்த அணியில் களமிறங்கினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

அதுவரை அந்தத் திறமை எங்கே இருந்தது? கறுப்பினத்தவருக்காக நிறுவப்பட்ட கல்லூரிகளில் இருந்தது. லூசியானாவின் கிராம்ப்ளிங்கில் இருந்தது; அங்கே எடி ராபின்சன் 1941 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்து 408 வெற்றிகளைக் குவித்தார். மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட்டில் இருந்தது. அதே மாநிலத்தின் கொலம்பியா என்ற சிற்றூரின் வால்டர் பேட்டன் அங்கேதான் ஆடினார். தடை நீங்கிய பிறகும்கூட, கிராஃபோர்டு என்ற மிசிசிப்பிக் கிராமத்தின் ஜெர்ரி ரைஸ், அத்தகைய இன்னொரு கல்லூரியான மிசிசிப்பி வேலி ஸ்டேட்டில் ஆடித்தான் உலகுக்குத் தெரியவந்தார். அந்த ஊர்கள் அன்றும் வீரர்களை விளைவித்தன. அவர்களை எண்ணுவதற்குத்தான் யாரும் இருக்கவில்லை. இன்று தெற்கின் பெரிய கல்லூரிகள் சாம்பியன் பட்டங்களைக் குவிக்கும்போது, ஒரு காலத்தில் வாசலிலேயே நிறுத்திவைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைக் கொண்டே அவற்றை வெல்கின்றன என்பதை என்னால் மறக்க இயலவில்லை.

புளோரிடாவின் ஒக்கிசோபி ஏரிக்கரையில் பஹோக்கி, பெல் கிளேடு என்ற இரண்டு ஊர்கள் இருக்கின்றன. சுற்றிலும் கரிய மண்ணில் கரும்புத் தோட்டங்கள். பஹோக்கியில் ஆறாயிரம் பேர்கூட வாழவில்லை. ஆனால் ரிக்கி ஜாக்சனும் அன்குவான் போல்டினும் அங்கிருந்து வந்தவர்கள். ஃபிரெட் டெய்லரும், 2009 பிப்ரவரியில் நடந்த, தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் சான்டோனியோ ஹோம்ஸும் பெல் கிளேடின் பிள்ளைகள். இரண்டு ஊர்ப் பள்ளிகளும் மோதும் ஆட்டத்துக்கு மக் பவுல் என்று பெயர். அறுவடைக்கு முன் கரும்புத் தோகையைக் கொளுத்தும்போது வெளியே பாயும் முயல்களைத் துரத்திப் பிடித்துத்தான் அந்தப் பையன்கள் இத்தனை வேகம் பெற்றார்கள் என்று செய்தியாளர்கள் ஒவ்வொரு பருவத்திலும் எழுதுகிறார்கள். பையன்கள் முயல் பிடிப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கதையை இத்தனை விருப்பத்தோடு திரும்பத் திரும்பச் சொல்வது என்னை வருத்துகிறது. புகை மண்டிய வயலில் ஒரு சிறுவன் முயலின் பின்னால் ஓடுவது, அதை விற்றால் கையில் கொஞ்சம் காசு கிடைக்கும் என்பதற்காக. தோட்ட வேலையை விட்டால் வேறு வேலை அரிதான ஊரில், கால்பந்து உதவித்தொகை ஒன்றுதான் வெளியே போகும் சாலை என்ற நிலையை இயற்கை தந்த வரமாக வருணிப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

அந்தச் சாலையும் குறுகியது. நாடு முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்கள் பள்ளிக் கால்பந்து ஆடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் ஏதேனும் ஒரு கல்லூரி அணியில் இடம் பெறுகிறார்கள், கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் பிரிவுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மற்றவர்களின் முழங்கால் வலியையும் தலைக்காயத்தையும் வேலையின்மையையும் சுமப்பது அந்தந்த ஊர்தான்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பின், ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டிலேயே சுமார் 2 கோடி டாலர் வரை தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். உழைப்பவருக்குக் கூலி கிடைக்கிறது. அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்த வீரரை ஆண்டுக்கணக்கில் வளர்த்த பஹோக்கிக்கோ அலிக்விப்பாவுக்கோ இதில் ஒரு காசும் இல்லை. உலகக் கால்பந்தில் இப்படி இல்லை. ஃபிஃபா விதிகளின்படி ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்கு இடையே நாடு விட்டு நாடு மாற்றப்படும்போது, அவரை வாங்கும் சங்கம் (கிளப்) தரும் மாற்றுத்தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவருக்குப் பயிற்சியளித்த சங்கங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் சிறிய சங்கங்கள் பல, தாங்கள் வளர்த்த ஒரு பையனின் பெயரால் வரும் அந்தப் பங்கைக் கொண்டு மைதானம் சீரமைக்கின்றன.

அமெரிக்காவிலும் அப்படியொரு பங்கு வேண்டும் என்பதே என் கோரிக்கை. பள்ளிப் பயிற்சியாளர்கள் பையன்களை விலைபேசத் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அது நியாயமான அச்சம். ஆகவே பணம் எந்தப் பயிற்சியாளர் கைக்கும், தனிப்பட்ட பள்ளியின் கைக்கும் போகக் கூடாது. கல்லூரிகள் தங்கள் பகிர்வுத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மாநிலவாரியான பொது நிதியில் செலுத்தட்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்த வீரர் எந்தெந்தப் பள்ளிகளில் ஆடினாரோ அந்தப் பள்ளி மாவட்டங்களுக்கு, ஆண்டுக் கணக்கில் பிரித்து, நிதி போய்ச் சேரட்டும். கடைசி ஆண்டில் இழுத்துக்கொண்ட உறைவிடப் பள்ளிக்கு அந்த ஓர் ஆண்டின் பங்கு மட்டும். செலவிடும் முறையிலும் கட்டுப்பாடு வேண்டும்: இன்னொரு ஸ்டேடியம் கட்டுவதற்கு ஒரு டாலர்கூடப் போகக் கூடாது. ஆலன் நகரைப் போன்ற வசதியான புறநகர்களுக்கு இந்தப் பணம் பெரிதாகத் தேவைப்படாது. அவற்றின் பங்கில் ஒரு பகுதியை ஏழை மாவட்டங்களுக்குத் திருப்புவதை டெக்சஸ் வரி கட்டும் ஒருவனாக நான் ஆதரிப்பேன். பல கிராமப்புறப் பள்ளிகளில், மைதானத்தில் ஒரு பையன் மயங்கி விழுந்தால் அவனைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் ஒருவர்கூட ஓரத்தில் நிற்பதில்லை. அந்த ஒருவருக்கான சம்பளத்திலிருந்து இந்த நிதியின் செலவு தொடங்கட்டும்.