அழுகாச்சிக் கதையா அது?

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்ததை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அமெரிக்கச் சீனர்களின் வாழ்வை முதன்முதலில் உள்ளிருந்து எழுதியவர்களுள் ஒருவரான சுய் சின் ஃபாரை 'அழுகாச்சிக் கதைக்காரி' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு நண்பர் தேநீர் குடிக்கப் போனாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

1912-இல் சிகாகோவில் வெளியான அவரது தொகுப்பில் ஒரு கதை. சீனாவில் பிறந்த கைக்குழந்தையோடு சான் பிரான்சிஸ்கோவில் வந்திறங்கும் தாயிடமிருந்து, அனுமதித் தாள் இல்லை என்று சொல்லிப் பிள்ளையை அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். வாஷிங்டன் போய்த் தாள் வாங்கி வரப் பணம் கேட்ட வழக்கறிஞர், அவள் எடுத்து வைத்த நகைகளை ஒரு கணம் தயங்கிவிட்டு அள்ளிக்கொண்டு விரைகிறார். பத்து மாதம் கழித்து மிஷன் காப்பகத்தில், வெள்ளைக்காரப் பெண்ணின் பாவாடை மடிப்பில் ஒளிந்துகொண்டு, பெற்றவளைப் பார்த்துப் பிள்ளை 'போ, போ' என்கிறது. கதை அத்தோடு முடிகிறது. ஆசிரியர் அதற்குமேல் ஒரு வரி எழுதவில்லை. அழுகாச்சி எங்கே இருக்கிறது? சீனர்கள் குடியேறுவதைத் தடுத்த சீனர் விலக்குச் சட்டம் 1882 முதல் 1943 வரை நடப்பில் இருந்த நாட்டில், சுருக்கெழுத்து வேலை பார்த்துப் பிழைத்த ஒரு பெண் கண்டதை எழுதினார், அவ்வளவுதான்.

வளைகுடாவிலிருந்து இரண்டு ஆண்டு கழித்து நான் ஊர் திரும்பியபோது, என் மகள் அவள் அத்தையின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வர மறுத்தாள். கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றேன். அதுவும் அழுகாச்சிதானோ?

நடை பழையது என்பீர்கள், சரி, பழையதுதான். 'தந்தை ஆங்கிலேயர், பிறந்தது இங்கிலாந்து, இவர் எப்படிச் சீனர்?' என்பவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய் சீனர். ஈடித் ஈட்டன் என்ற இயற்பெயரோடு வெள்ளைக்காரியாகவே அவர் வாழ்ந்திருக்கலாம், முகம் காட்டிக்கொடுத்திருக்காது. தங்கை வினிஃபிரெட் ஜப்பானியப் புனைபெயர் சூடி நாவல் எழுதி நன்றாக விற்றார். அக்காவோ, சீனர்கள் மனிதர்கள்தாமா என்று சாப்பாட்டு மேசையில் முதலாளி ஐயப்பட்டபோது, தாமும் சீனரே என்று சொன்னவர். இந்த வேலைக்கு இரத்தச் சான்றிதழ் கேட்கும் நம் விமர்சகர்களுக்கும் துறைமுகத்தில் தாள் கேட்டவர்களுக்கும் என்ன வேறுபாடு?

கடுமையாக எழுதுகிறேன் என்று வருந்துபவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தத் தொகுப்பை நண்பருக்கு இரவல் கொடுத்தவனே நான்தான். நேற்று திரும்பி வந்தது. அவர் அடையாளத்துக்குச் செருகிய பேருந்துச் சீட்டு எட்டாம் பக்கத்திலேயே இருக்கிறது.