வேளாண் மண்டலத்தில் வீடு கட்டத் தடையா? இல்லை

‘டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், இனிமேல் கிராமத்தில் புது வீட்டுக்கு அனுமதி கிடையாது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டு வரைபட அனுமதிக்கு எதிராக வந்த ஆட்சேபனை மனுவில் இதே வரியை வைத்திருந்தார்கள். கடைக்கால் தோண்டிய குழியில் மழைநீர் நிற்க, அந்தக் குடும்பம் பயந்துபோய் வேலையை நிறுத்திவிட்டது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

காவிரி டெல்டாவை இந்த மண்டலமாக்கிய 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பதையும், புதிய துத்தநாகம், தாமிர உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் போன்றவற்றையும்தான். தடைப் பட்டியலில் குடியிருப்பு வீடு இல்லவே இல்லை. நம் விவசாயிகள் போராடிப் பெற்ற சட்டம் இது. அதை ஏழை வீட்டுக்கு எதிராகத் திருப்புவது அநியாயம்.

சரி, நன்செய் வயலில் கட்டலாமா? அதற்கு நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதி வேண்டும். அது இந்தச் சட்டத்துக்கு முன்பிருந்தே உள்ள விதி. நத்தம் மனைக்கு, அதாவது கிராமக் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்துக்கு, அந்தச் சிக்கல் இல்லை.

இப்படி ஆட்சேபனை வந்தால் வாய்ப்பேச்சாகப் பதில் சொல்லாதீர்கள். பட்டா நகலையும் சட்டத்தின் தடைப் பட்டியலையும் இணைத்து எழுதிக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அனுமதி மறுத்தால், எந்த விதிப்படி என்று காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.