"கடவுளைக் காட்டு, நம்புகிறேன்" என்பவர்களுக்கும் காட்டிவிட்டதாகச் சொல்பவர்களுக்கும்

அறிவெல்லாம் அனுபவத்திலிருந்தே வருகிறது என்னும் அனுபவவாதம் என்றாலே நாத்திகம்தான் என்று பலரும் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இருப்பது என்றால் புலப்படுவதுதான் என்று அந்த வாதத்தை அதன் விளிம்புவரை இழுத்துப்போன தத்துவவாதி பெர்க்லி, 1734இல் பிஷப் ஆனவர். கடவுள் இருப்பதை நிரூபிக்க முடியும் என்றே இன்னொரு அனுபவவாதியான லாக்கும் நம்பினார்.

அதே மரபில் வந்த ஹியூம்தான் சங்கடம். 1748இல் வந்த நூலில் அற்புதங்களைப் பற்றி அவர் கேட்டது எளிய கேள்வி: சாட்சி சொன்னவர் ஏமாந்திருப்பார் அல்லது ஏமாற்றுகிறார் என்பது அந்த அற்புதத்தைவிட நம்பமுடியாததா? அப்படியானால் மட்டும் நம்பு. கவனியுங்கள், அவர் எடைபோடுவது அடுத்தவர் சொல்லை. தானே அனுபவித்ததாகச் சொல்பவரின் நிலை வேறு.

1936இல் ஆங்கிலத் தத்துவவாதி ஏயர், மதக் கூற்றுகள் பொய்கூட இல்லை, பொருளே அற்றவை என்றார். வெறும் வரையறையாகவோ புலன்களால் சரிபார்க்கக்கூடியதாகவோ இல்லாத கூற்றுக்குப் பொருளில்லை என்பது அவர் அளவுகோல். சரி, அந்த அளவுகோலைப் புலன்களால் சரிபார்க்க முடியுமா? முடியாது. அது வெறும் வரையறை என்றால் நான் ஏன் ஏற்க வேண்டும்?

என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தவர், 1991இல் இதைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஆல்ஸ்டன். கண் சரியாகத்தான் பார்க்கிறது என்று எப்படித் தெரியும்? மறுபடி கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தானே? புலன்களுக்குப் புலன்களே ஜாமீன். இதைச் சகித்துக்கொள்கிற நாம், தெய்வ அனுபவத்திடம் மட்டும் வெளிச்சான்று கேட்பது என்ன நியாயம் என்கிறார். பலமான அடி.

ஆனாலும் ஓர் இடத்தில் இடிக்கிறது. நான் பார்த்த மரத்தை நீங்களும் வந்து பார்க்கலாம். தெரியவில்லை என்றால் மூடுபனி, பார்வைக் கோளாறு என்று காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். தெய்வ அனுபவத்திலோ ஒருவர் தன்னோடு பேசும் இறைவனைக் கண்டேன் என்கிறார். இன்னொருவர் 'நான்' என்பதே இல்லாத வெறுமையைக் கண்டேன் என்கிறார். யார் கண்டது சரி என்று தீர்க்க இருவருக்கும் பொதுவான வழி எது? தன் வாதத்துக்கு மிகக் கடினமான சிக்கல் இதுதான் என்று ஆல்ஸ்டனே ஒப்புக்கொள்கிறார். இருந்தாலும் அவரவர் மரபில் தொடர்வது அறிவுக்குப் பொருத்தமானதே என்கிறார். தொடரட்டும், தப்பில்லை. அதை 'அறிவு' என்று அழைக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

இந்த விஷயத்தில் நான் அமெரிக்க உளவியலாளரும் தத்துவவாதியுமான வில்லியம் ஜேம்ஸ் கட்சி. 1902லேயே சொல்லிவிட்டார்: அந்த அனுபவம் வாய்த்தவருக்கு அது முழு அதிகாரம் உள்ளது, வெளியே நிற்பவர் அதை அப்படியே ஏற்க வேண்டிய கடமை இல்லை.

அப்புறம், "பயிற்சி செய்து பார், உனக்கே தெரியும்" என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சொன்னபடியே செய்தும் ஒருவருக்கு எதுவும் தெரியவில்லை என்றால், அதை எதிர்ச்சான்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா, இல்லை பயிற்சி போதவில்லை என்று திருப்பி அனுப்புவீர்களா?