ஏலியன்: ஐசொலேஷன் – பாதியில் விட்டவர்களோடு ஒரு வாதம்

"நல்ல கேம்தான்டா, ஆனா என்னால விளையாட முடியல. மூணாவது தடவையா ஆரம்பிச்சு மூணாவது தடவையா அழிச்சிட்டேன்." நெருங்கிய நண்பன் ஒருவன் இரண்டு நாள் முன்பு போனில் சொன்னான். எங்கடா விட்ட என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும். 5-வது மிஷன், சான் கிறிஸ்டோபல் மருத்துவப் பிரிவு. எனக்குத் தெரிந்து இந்த கேமைப் பாதியில் விட்டவர்கள் எல்லோரும் விட்ட இடம் அதுதான்.

2014 அக்டோபரில் வந்த கேம் இது, ஒரு விண்வெளி நிலையத்தில் ஏலியன் ஒன்றிடமிருந்து ஒளிந்து தப்பிக்கும் திகில் கேம். இத்தனை வருடம் ஆகியும் இதைப் பற்றிய சண்டை ஓயவில்லை. ஒரு தரப்பு இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. இன்னொரு தரப்பு "இது விளையாட்டா, தண்டனையா" என்று கேட்கிறது. நான் மூன்று முறை முடித்தவன். எனக்கு இந்த கேம் உயிர். ஆனாலும் குறை சொல்பவர்களை "உனக்கு விளையாடத் தெரியல" என்று ஒரே வரியில் ஒதுக்குகிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்கு வாதம்.

முதலில் ஒரு பழைய கதை. 2013 பிப்ரவரியில் ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்’ என்று சேகா நிறுவனம் வெளியிட்ட ஒரு கேம் வந்தது. ஆவலோடு காத்திருந்தோம். வந்தபின் நொந்துபோனோம். ஏலியன்கள் நேராக ஓடிவந்து துப்பாக்கி முன்னால் நிற்கும், சில நேரம் சுவரைப் பார்த்துத் திகைத்து நிற்கும். அதன் செட்டிங் ஃபைலில் ‘டெதர்’ என்கிற சொல்லில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாகத் தட்டச்சாகியிருந்ததும், அதைத் திருத்தினால் ஏலியன்களின் நடமாட்டம் கொஞ்சம் தேறுகிறது என்பதும் 2018-ல் பெரிய பேச்சானது. என்னைக் கேட்டால் அந்த ஓர் எழுத்து சரியாக இருந்திருந்தாலும் அந்த கேம் பிழைத்திருக்காது. ‘ஏலியன்’ பட வரிசையில் இரண்டாவதான ‘ஏலியன்ஸ்’ படத்தின் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, பயத்தைப் படத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அடுத்த வருடமே, அதே சேகா நிறுவனத்தின் கீழ் இருந்த கிரியேட்டிவ் அசெம்பிளி இந்த கேமோடு வந்தது. ‘டோட்டல் வார்’ வரிசையில் ஆயிரக்கணக்கான வீரர்களை மேலிருந்து பார்த்து நகர்த்தும் போர் விளையாட்டு செய்து பழகியவர்கள். திகில் அவர்கள் தொழிலே இல்லை. அவர்கள் நேராக 1979-க்கு, ரிட்லி ஸ்காட் எடுத்த, அந்த வரிசையின் முதல் படமான ‘ஏலியன்’-க்குப் போனார்கள். ஒரே ஒரு ஜந்து, அதை அடக்க எந்த ஆயுதமும் இல்லை. அந்தப் படத்தில் ஏலியன் திரையில் தெரிவதே மொத்தத்தில் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நாம் இருக்கையில் நெளிந்துகொண்டிருப்போம். அந்த நெளிவை அப்படியே கைக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்த்திருக்கிறார்கள்.

படம் எடுத்த காலத்து வரைபடங்கள், புகைப்படங்கள் என்று சுமார் 3 டெராபைட் அளவுக்கு படத்தை வெளியிட்ட ஃபாக்ஸ் நிறுவனம் இவர்களுக்குக் கொடுத்தது. இவர்கள் அதைப் பார்த்து நகல் எடுத்ததோடு நிற்கவில்லை. கேமுக்குள் வரும் கம்ப்யூட்டர் திரைகளின் காட்சிகளை நிஜமான விஹெச்எஸ் டேப்பில் பதிந்து, பழைய டிவியில் ஓடவிட்டு, பக்கத்தில் காந்தத்தை வைத்துக் கலங்கடித்து, அதை மறுபடி படம்பிடித்துச் சேர்த்தார்கள். கதை நடக்கும் செவஸ்டபோல் விண்வெளி நிலையத்தில் ஏதாவது ஒரு டெர்மினலுக்கு முன்னால் நின்று பாருங்கள். பச்சை எழுத்துகள் ஓரத்தில் லேசாக நடுங்கும், நடுவில் ஒரு கோடு மெல்ல மேலேறும். 1979-ல் இருந்தவர்கள் எதிர்காலம் என்று எதை நினைத்தார்களோ, அதற்குள் போய் நிற்கிற உணர்வு அது. இந்த ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சண்டை எல்லாம் அந்த ஜந்துவைப் பற்றித்தான்.

நண்பன் விட்ட இடத்துக்கே வருகிறேன். கூட வந்த டெய்லர் காயம்பட்டுக் கிடக்கிறாள். அவளுக்கு மருந்துப் பெட்டி தேடி நாம் ஆடும் பாத்திரமான அமாண்டா ரிப்ளி அந்த மருத்துவப் பிரிவுக்குள் போகிறாள். குறுக்கும் நெடுக்குமாக நடைபாதைகள், இரண்டு பக்கமும் அறைகள், மேலே வென்ட்டுகள் என்கிற காற்றுக் குழாய்கள். நான் முதல் முறை ஒரு லாக்கருக்குள் ஒளிந்தேன். கதவில் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் வெளியே தெரியும். அறைக் கதவு திறக்கிறது. முதலில் வால், அப்புறம் கால். நடந்து போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்தது. இடுக்கில் அதன் முகம். பின்னால் சாய்ந்து மூச்சை அடக்கு என்று திரையில் குறிப்பு. பட்டனை அழுத்திப் பிடித்தால் திரையின் ஓரம் சிவக்கிறது, உயிர் குறைகிறது. விட்டால் சாவு, விடாமல் ரொம்ப நேரம் பிடித்தாலும் சாவு. அது போன பிறகு பார்த்தால் நிஜத்தில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ திகில் கேம் ஆடியிருக்கிறேன். என் உடம்பு தானாகவே அந்தப் பாத்திரமாக மாறிய இடம் இது ஒன்றுதான்.

‘அது ஏமாத்துது, நான் எங்க இருந்தாலும் அங்கயே வந்து சுத்துது’ என்பது பெரும்பாலானவர்களின் முதல் குறை. இதில் உண்மை இருக்கிறது. இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. மேலே ஒன்று, அதை இயக்குநர் என்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அதற்கு எப்போதும் தெரியும். கீழே இன்னொன்று, அந்த ஜந்துவின் மூளை. அதற்கு உங்கள் இடம் தெரியாது. இயக்குநர் அதனிடம் ‘இந்தப் பக்கமா போய்ப் பாரு’ என்று தோராயமாக மட்டும் சொல்லும். அதற்குப் பிறகு அது தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பலர் கவனிக்காதது இதன் மறுபக்கம். ஜந்து உங்கள் பக்கத்தில் எவ்வளவு நேரம் சுற்றியது, எத்தனை முறை கண்ணில் பட்டது என்று இயக்குநர் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் அளவு மீறினால் அதை வென்ட்டுக்குள் திருப்பி அனுப்பிவிடும். அதாவது உங்களைத் துரத்தவும் விடுகிறது, மூச்சுவிட இடமும் கொடுக்கிறது. வென்ட்டிலிருந்து எச்சில் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்ட பிறகு, சாவது எல்லாம் என் அவசரத்தால்தான் என்று எனக்குப் புரிந்தது.

ஒரே இடத்தில் பதுங்கிக் கிடப்பவர்களுக்குத்தான் இது ஏமாற்று வேலையாகத் தெரியும். லாக்கருக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஜந்து ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைப்பார்கள். போகாது. ஏனென்றால் அதை அந்தப் பக்கம் அனுப்புவதே இயக்குநர்தான். நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், மெதுவாக, குனிந்து, நின்று நின்று. நண்பனிடம் இதைச் சொன்னபோது ‘அதை கேம் எனக்குச் சொல்லவே இல்லையே’ என்றான். நியாயமான கேள்வி. சொல்லித்தந்திருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன்.

சேவ் செய்கிற முறையைப் பற்றிய குறையை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. சுவரில் பழைய அவசரத் தொலைபேசி மாதிரி ஒரு பெட்டி இருக்கும். அதில் கார்டைச் செருக வேண்டும். ஒரு விளக்கு எரியும், பீப். இரண்டாவது, பீப். மூன்றாவது. அந்தச் சில விநாடிகளில் பின்னாலிருந்து வந்து கொன்றுவிட்டால் போனது போனதுதான், முந்தைய இடத்திலிருந்து திரும்ப வர வேண்டும். அரைமணி நேரம் வீணாகிவிட்டது என்று கோபப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம் என்று இருந்திருந்தால் அந்த நடைபாதையில் நமக்கு என்ன பயம் இருந்திருக்கும்? படத்தில் இருந்தவர்களுக்குப் போவதற்கு உயிர் இருந்தது. நமக்கு உயிர் போகாது. நம்மிடம் போகக்கூடியது நேரம் மட்டும்தான். அதைப் பணயமாக வைக்கச் சொல்லும்போதுதான் தூரத்தில் அந்தப் பெட்டியின் சத்தம் கேட்டதும் மனசு அப்படிக் குளிர்கிறது.

பெரிய விமர்சகர்களும் இப்படித்தான் பிரிந்தார்கள். ஐஜிஎன் 10-க்கு 5.9 கொடுத்தது, கேம்ஸ்பாட் 6. பிசி கேமர் 100-க்கு 93. ஒரே கேமுக்கு இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வரவில்லை. ஒரு விமர்சகருக்குக் குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும். அவசரத்தில் ஆடுபவரை இந்த கேம் மன்னிக்காது. நான் தினம் ஒரு மணி நேரம், இரவில் விளக்கை அணைத்து, ஹெட்ஃபோன் போட்டு ஆடினேன். அதற்குமேல் என்னாலும் தாங்க முடியவில்லை.

இனி நான் குறை சொல்பவர்கள் பக்கம் நிற்கிறேன். (ஆடி முடிக்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

இது நீளம். ரொம்ப நீளம். 18 மிஷன், எனக்கு முதல் முறை 20 மணி நேரத்துக்கு மேல் ஆனது. 10-வது மிஷனில் அந்த ஜந்துவை ஆய்வுக்கூடத்தோடு சேர்த்து நிலையத்திலிருந்து பிய்த்து எறிகிறார்களே, அங்கே என் மனசில் கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வொர்க்கிங் ஜோ என்கிற அந்த வெளிறிய ரப்பர் முக ரோபோக்களோடு மிஷன் மிஷனாக மல்லுக்கட்ட வேண்டும். அந்த ரோபோக்கள் நல்ல படைப்புதான். கழுத்தை நெரித்துக்கொண்டே அமைதியான குரலில் மரியாதையாகப் பேசும்போது முதுகு சில்லிடும். ஆனால் அந்தச் சில்லிப்பு இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். பிறகு ரியாக்டருக்குக் கீழே இறங்கினால் ஒரு கூடே இருக்கிறது, ஏலியன் ஒன்றல்ல, பல. முகத்தில் பாயும் ஃபேஸ்ஹக்கர் ஒரே தாவலில் கொன்றுவிடும், தற்காத்துக்கொள்ளவும் நேரமில்லை. எந்த ஒற்றை ஜந்துவுக்காக இத்தனை பாடுபட்டார்களோ, அதைத் தாங்களே மலிவாக்கிக்கொண்டார்கள். ஒன்றாக இருக்கும்வரை அதன் ஒவ்வொரு காலடியும் எனக்குத் தெரியும். பலவாக ஆனபின் அது வெறும் எதிரி. தீயைக் கக்கும் ஃப்ளேம்த்ரோவரை நீட்டிக்கொண்டு ஓடினேன், அவ்வளவுதான்.

முடிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு தூரம் வந்தபின், காற்றடைப்பு அறை வழியாக விண்வெளியில் வீசப்பட்டு மிதக்கும் அமாண்டாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் விழுகிறது, கண்ணைத் திறக்கிறாள், முடிந்தது. பலருக்குக் கோபம். எனக்கு வேறு ஒரு வலி. 15 வருடமாகத் தாயைத் தேடுகிற மகளின் கதை இது. ‘ஏலியன்ஸ்’ படத்தின் நீளமான பதிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தாய், அதாவது முதல் படத்தின் நாயகி எலன் ரிப்ளி, திரும்பி வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 66 வயதில் அந்த மகள் இறந்துவிட்டாள். அவளுடைய பதினோராவது பிறந்தநாளுக்குள் வந்துவிடுகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனது. இவர்கள் இருவரும் சந்திக்கவே போவதில்லை என்று நமக்குத் தெரியும், அமாண்டாவுக்குத் தெரியாது. கேமின் பிற்பகுதியில் அம்மா விட்டுப்போன குரல் பதிவு ஒன்று அவளுக்குக் கிடைக்கிறது. நான் அங்கே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அந்த இடத்தோடு கேமை முடித்திருந்தால் நீளத்தைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

முதல் படத்தின் நடிகர்கள் பலரே குரல் கொடுத்த, அந்தப் படத்தின் கப்பலான நாஸ்ட்ரோமோவில் நடக்கும் அத்தியாயத்தை முன்பதிவு செய்தவர்களுக்கான பரிசாக வைத்தது அப்போது பலரை எரிச்சலூட்டியது. எனக்கும்தான். எலனாக நடித்த சிகோர்னி வீவரின் குரலை ரசிகர்களிடமிருந்து இப்படிப் பிரித்து வைத்திருக்க வேண்டாம்.

2024 அக்டோபர் 7-ல், கேம் வந்து சரியாகப் பத்து வருடம் ஆன அன்று, அடுத்த பாகம் வேலையில் இருக்கிறது என்று அறிவித்தார்கள். அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது, கூடவே ஒரு பயமும். முதல் பாகம் 2015 மார்ச்சுக்குள் 20 லட்சத்துக்கு மேல் விற்றும் சேகாவுக்கு அது போதவில்லை. நிறைய பேரிடம் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்து, நினைத்த இடத்தில் சேவ், நிறையத் துப்பாக்கி, கூடவே வர இன்னும் நான்கு பேர் என்று போய்விடுவார்களோ? அப்படிப் போனால் 2013-க்கே திரும்பிப் போகிறோம். பத்து மணி நேரம் போதும். ஒரு ஜந்து போதும். அது எப்படி யோசிக்கிறது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே கொஞ்சம் கற்றுக்கொடுங்கள், என் நண்பன் மாதிரி ஆட்கள் மருத்துவப் பிரிவைத் தாண்டிவிடுவார்கள்.

அவனிடம் கடைசியாகச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், விட்டவர்கள் யாராவது படித்தால் உதவும். மிகக் கடினமான நைட்மேர் மோடைத் தொடாதே, அதில் அசைவைக் காட்டும் டிராக்கரும் சரியாக வேலை செய்யாது, மேப்பும் இல்லை. மைக்கை அணைத்துவிடு, சில மெஷின்களில் உன் இருமல்கூட அதற்குக் கேட்கும். ஓடாதே. லாக்கரைக் கடைசி வழியாக வைத்துக்கொள், மேஜைக்கு அடியில் பதுங்கிச் சுற்றி வா. டிராக்கரில் எதுவும் தெரியவில்லை என்றால் நிம்மதியடையாதே, அசையாமல் நிற்பதை அது காட்டாது.

நேற்று ராத்திரி பன்னிரண்டரைக்கு அவனிடமிருந்து மெசேஜ். "மருந்துப் பெட்டி எடுத்துட்டேன். கை நடுங்குது. இன்னைக்கு இது போதும்."